பதிவை நிறுத்தாமல் போனவள்

குளிர்கிடங்கில் வேலைக்குச் சேர்ந்த அன்று காலை அவளை வரவேற்றவர் கம்ப்ரசர் ஆபரேட்டர் ஒருவர்தான். கையிலிருந்த எண்ணெய்த் துணியால் வாயைத் துடைக்கப் போய், சட்டென்று நினைவு வந்து முழங்கையால் துடைத்துக்கொண்டு, இரும்புப் படிக்கட்டைக் காட்டினார்.

"மேல போம்மா. கடைசி ரூம். சுவெட்டர் கொண்டு வந்தியா?"

"இல்லண்ணே. வெளிய வெயில் இந்தக் கொளுத்து கொளுத்துதே."

"வெளியதான கொளுத்துது."

பழைய கட்டடம். கீழே மருந்தும் தடுப்பூசியும் அடுக்கி வைத்த பன்னிரண்டு குளிரறைகள். அவற்றின் தலைக்கு மேலே ஆபீஸ். தரையிலிருந்து குளிர் கிளம்பிச் செருப்பைத் தாண்டிக் கணுக்காலுக்கு வரும். கம்ப்ரசர்களின் உறுமல் ஒரு நொடி நிற்பதில்லை. கொஞ்ச நேரம் போனால் காது அதை மறந்துவிடும். ஆனால் மேசையில் தாடையை ஊன்றினால் பல்லுக்குள் கேட்கும். எங்கு பார்த்தாலும் நனைந்த அட்டைப்பெட்டி வாசனை. கடைசி அறையில் மட்டும் அதற்கும் அடியில், லேசாக, தலைவலித் தைலத்தின் வாசனை இருந்தது.

"முன்னாடி இங்க இருந்தவங்கள எல்லாரும் பெரியக்கான்னு கூப்பிடுவோம்" என்றார் பின்னாலேயே ஏறி வந்த ஆபரேட்டர். "அதனால நீ சின்னக்கா."

"உங்களுக்கு நான் அக்காவா? உங்க வயசென்ன, என் வயசென்ன?"

"வயச யாரு கேட்டா? இந்தச் சீட்டுல உக்காந்தா அக்காதான்."

"அவங்க எங்க போயிட்டாங்க?"

ஆபரேட்டருக்குத் திடீரென்று கீழே ஏதோ வேலை நினைவுக்கு வந்துவிட்டது. படியிறங்கிப் போய்விட்டார்.

அப்படித்தான் அவள் சின்னக்கா ஆனாள். வீட்டில் பெற்றவர்கள் வைத்த பேர் ஒன்று இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட இப்போது ஆளில்லை. கட்டியவர் வேறோர் ஊரில் வேறொரு குடும்பத்தோடு சௌக்கியமாக இருக்கிறார். அந்த மகராசனைப் பற்றி இதற்கு மேல் பேசுவது வீண். மிச்சம் இருந்தது மகள் ஒருத்தி. ஒன்பது வயது. சுட்டித்தனம் தாங்காமல் சின்னக்கா வைத்த பேர் வாலு. பள்ளிக்கூடம் விட்டதும் கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் சாவியால் தானே கதவைத் திறந்து, தானே பூட்டிக்கொண்டு, அம்மா வரும்வரை தனியாக இருக்கும் பிள்ளை.

வேலை இதுதான். ஒவ்வொரு குளிரறையிலும் வெப்பத்தை அளக்கும் சின்னப் பெட்டி ஒன்று மாட்டியிருக்கும். அது அளந்ததெல்லாம் தினமும் மதியத்துக்கு மேல் ஒரே ஃபைலாகக் கம்ப்யூட்டருக்கு வந்து சேரும். வருகிற லட்சணம் பார்க்கச் சகிக்காது. தேதி தலைகீழாக இருக்கும், நடுநடுவே காலி வரிசைகள் கிடக்கும், அறை எண்ணும் டிகிரியும் ஒரே கட்டத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். காலி வரிசைகளை அழித்து, ஒட்டியதைப் பிரித்து, எட்டு டிகிரியைத் தாண்டியதற்கெல்லாம் சிவப்பு பூசி, அறைக்கு ஒரு ஷீட்டாக வெட்டி ஒட்டி, மருந்துக் கம்பெனிக்கு மெயில் போட வேண்டும். மெயில் போனால்தான் லாரி வாசலைத் தாண்டும். கையால் செய்தால் நாலு மணி நேரம். கண் எரியும், கழுத்து மரத்துப்போகும்.

அவள் பஸ் பிடித்து வீடு போய்ச் சேரும்போது எட்டு தாண்டிவிடும். வாலு பள்ளிச் சீருடையைக்கூடக் கழற்றாமல், விளக்குப் போட்ட ஒரே அறையில், நாற்காலியில் தூங்கிப் போயிருப்பாள். எழுப்பி ஊட்டினால் தூக்கத்திலேயே மெல்லுவாள். "இன்னிக்கு ஸ்கூல்ல என்ன ஆச்சு?" என்று கேட்கத் தோன்றும். கேட்டால் பதிலைக் கேட்டு முடிக்கத் தெம்பு வேண்டுமே. சின்னக்கா கேட்க மாட்டாள். வாலுவும் கொஞ்ச நாளில் சொல்வதை விட்டுவிட்டாள். சண்டை போட்டால்கூடப் பரவாயில்லை, இப்படி விட்டுவிட்டாளே என்றுதான் சின்னக்காவுக்கு மனசு ஆறவில்லை.

"என்னம்மா, கண்ணெல்லாம் உள்ள போயிடுச்சு?" என்றார் மேனேஜர் ஒரு நாள். நல்ல மனிதர்தான். என்ன, நல்ல மனிதராக இருப்பதோடு சரி. "பெரியக்கா இதுக்கு ஒரு மேக்ரோ போட்டு வச்சாங்களே. பழைய ஃபைல்ல இருக்கும் பாரு."

"அப்பவே சொல்லியிருக்கலாமே சார்! யாரும் அத யூஸ் பண்ணலியா?"

"இல்ல."

"ஏன் சார்?"

மேனேஜர் பேனா மூடியைத் திறந்து மூடினார். "என்னமோ, தொடத் தோணல" என்றார்.

மேக்ரோ என்றால் சின்னக்காவுக்குத் தெரியும். கல்யாணம் முறிந்த வருஷம், வேலைக்குப் போயே தீர வேண்டும் என்று எக்செல் வகுப்பில் சேர்ந்தபோது படித்தது. பதிவு பட்டனை அழுத்திவிட்டு வேலையை ஒரு முறை செய்து காட்ட வேண்டும். முடிந்ததும் நிறுத்து பட்டனை அழுத்த வேண்டும். அப்புறம் எத்தனை தடவை வேண்டுமானாலும் அதுவே செய்துகொள்ளும். வகுப்பு எடுத்த டீச்சர் வாய்த்துடுக்கான அம்மாள். "உங்க கை என்ன செஞ்சுதோ அத அப்படியே எழுதிக்கும். தப்பு செஞ்சா தப்பையும் எழுதும். யோசிச்சத எழுதாது, கன்னத்துல கை வச்சு உக்காந்திருந்தத எழுதாது" என்பாள். இன்னொன்றும் சொல்வாள். "பதிவு பண்ணும்போது பக்கத்துல ஒரு பட்டன் இருக்கும். அது அணைஞ்சிருந்தா, மேக்ரோ பொறந்த கட்டத்துக்கே ஓடிப்போய் அங்கதான் வேலை செய்யும். எரிஞ்சா, நீங்க எங்க நிக்கிறீங்களோ அங்கேருந்து ஆரம்பிக்கும். இது தெரியாம அழுத்திட்டு அடுத்தவன் வேலைய அழிச்ச ஆளுங்க எத்தன பேரு தெரியுமா! போங்க, போய்ப் பழகுங்க."

பெரியக்காவின் ஃபைல் கிடைத்தது. திறந்தாள். அன்றைய அளவுகளை அதில் ஒட்டி, மேக்ரோவை ஓடவிட்டாள்.

மேக்ரோ ஓடினால் திரை ஒரு துடி துடிக்கும், வேலை முடிந்திருக்கும். அவள் பார்த்ததெல்லாம் அப்படித்தான்.

இது மெதுவாக ஓடியது.

முதல் கட்டத்தில் நின்றது. ஒரு வரிசையை அழித்தது. அடுத்ததற்குப் போனது. அறை எண்களைப் பிரிக்க ஆரம்பித்து, தப்பான பத்தியில் கை வைத்து, கொஞ்சம் தயங்கி, திரும்பி வந்து சரியானதைத் தொட்டது. ஓரிடத்தில் எதுவுமே செய்யாமல் அப்படியே இருந்தது. கம்ப்யூட்டர் நின்றுவிட்டதோ என்று சின்னக்கா கையை நீட்டினாள். அந்த நேரம் தைல வாசனை குப்பென்று அடித்தது. பிறகு வேலை தொடர்ந்தது.

வேலை செய்கிற ஆள் நெற்றியைத் தேய்த்துக்கொள்ள எவ்வளவு நேரம் எடுப்பாளோ, அவ்வளவு நேரம்தான் அது நின்றது.

கால் மணியில் எல்லாம் முடிந்து மெயிலும் போனது. பெஞ்சில் பக்கத்தில் இருப்பவர் எழுந்தால் நம் பக்கம் லேசாக அசையுமே, அப்படி அவள் உட்கார்ந்திருந்த நாற்காலி அசைந்தது. இரும்புப் படிக்கட்டில் யாரோ இறங்குகிற சத்தம். வீட்டுக்குக் கிளம்புகிறவர்களின் நடை அது, அவசரமும் களைப்பும் கலந்த நடை. ஆபரேட்டராக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

கோட் பக்கத்தைத் திறந்து பார்த்தாள். எங்காவது 'காத்திரு' என்று வரி இருக்க வேண்டுமே? இல்லை. வரிக்கு வரி தேடியும் இல்லை. எல்லா வரியும் இப்போது நிற்கிற இடத்திலிருந்தே தொடங்கின. பெரியக்கா அந்தப் பட்டனை எரியவிட்டுப் பதிந்திருக்கிறாள். திரையின் அடியில் ஒரு குட்டிச் சதுரம் தெரிந்தது. பதிவு நடந்துகொண்டிருக்கிறது என்பதற்கான அடையாளம். ஃபைலை மூடினாலே பதிவு நின்றுபோக வேண்டும். பெரியக்காவுக்குப் பிறகு இந்தக் கம்ப்யூட்டரையே எத்தனை தரம் அணைத்துப் போட்டிருப்பார்கள்? சதுரம் அசையாமல் இருந்தது.

அவள் அதை யோசித்திருக்க வேண்டும்தான். ஆனால் மணி நாலுகூட ஆகவில்லை. நாலு மணிக்கு வீட்டுக்குக் கிளம்பலாம் என்றால் எந்தத் தாய் உட்கார்ந்து யோசிப்பாள்? பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

வீட்டில் வாலு அவளைப் பார்த்துத் துள்ளுவாள் என்று வழியெல்லாம் எதிர்பார்த்துக்கொண்டே வந்தாள். கதவைத் திறந்த வாலு நெற்றியைச் சுருக்கினாள்.

"கடைக்குப் போனியா?"

"இல்லடி. இப்பத்தான் ஆபீஸ்லேருந்து வர்றேன். சீக்கிரம் வந்துட்டேன் பாத்தியா!"

"ம்" என்றாள் வாலு, அதில் என்ன அதிசயம் என்பதைப் போல. உள்ளே போனால் காலையில் போட்டுவிட்டுப் போன பாத்திரமெல்லாம் கழுவிக் கவிழ்த்திருந்தது. பிள்ளை வளர்ந்துவிட்டது என்று சின்னக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தாள்.

அந்த வாரம் முழுக்க அப்படித்தான். மேக்ரோவை ஓடவிட்டு, படிக்கட்டில் இறங்கும் நடையைக் காதில் வாங்காத மாதிரி வாங்கிக்கொண்டு, வெளிச்சம் இருக்கும்போதே வீடு. ஒரு நாள் துணி மடித்திருந்தது. ஒரு நாள் வாலுவின் கிழிந்த பை தைத்திருந்தது. ஒன்பது வயதுப் பிள்ளைக்கு இவ்வளவு நேர்த்தியாகத் தைக்க வருமா என்று தோன்றியது. அதை நினைத்துப் பார்க்கப் பயமாக இருந்தது, அதனால் நினைக்கவில்லை. களைத்த மனசுக்கு அந்தச் சாமர்த்தியம் உண்டு.

வெள்ளிக்கிழமை வாலுவின் தலையைப் பார்த்தாள்.

நாலு கால் எடுத்துப் பின்னிய சடை. ஒரு முடி பிசகவில்லை. சின்னக்காவுக்கு மூன்று கால் பின்னலே கோணலாகத்தான் வரும்.

"யாரு பின்னி விட்டா?"

"நீதான்."

"எப்போ?"

"வந்தவுடனே. இப்படித் திரும்பி உக்காருன்னு சொன்னியே." வாலு சிரித்தாள். "கத சொல்லிக்கிட்டே பின்னினியே, மறந்துட்டியா? அப்புறம் ரூமுக்குள்ள போன. இப்ப பாத்தா வெளியேருந்து பெல் அடிக்கிற. டெய்லி இதே விளையாட்டா உனக்கு?"

படுக்கையறைக் கதவு சாத்தியிருந்தது. போய்த் திறந்தாள்.

உள்ளே யாருமில்லை.

கட்டிலின் ஓரத்தில் படுக்கை விரிப்பு கசங்கியிருந்தது. ஒருவர் உட்கார்ந்திருந்த அளவுக்கு. கை வைத்துப் பார்த்தாள். சில்லென்று இருந்தது. குளிரறைக் கதவைத் திறந்தால் முகத்தில் அடிக்குமே, அந்தச் சில்லிப்பு. அதோடு தைலம்.

மறுபடி வேலைநாள் வந்ததும் ஆபரேட்டரைக் கம்ப்ரசர் அறையிலேயே போய்ப் பிடித்தாள். அந்த இரைச்சலில் அவர் வேலை நினைவுக்கு வந்து ஓட வழியில்லை. அவருடைய வேலையே அங்கேதான்.

"அண்ணே, பெரியக்காவுக்கு என்ன ஆச்சு? இன்னிக்கு நீங்க சொல்லித்தான் ஆகணும்."

அவர் ஒரு வால்வை இறுக்கினார். இறுகியதையே மறுபடி இறுக்கினார்.

"உன் சீட்டுலதாம்மா" என்றார் கடைசியில். "ரத்தக்குழாய் வெடிச்சுடுச்சுன்னாங்க. ரொம்ப நாளா தலைவலி, தலைவலின்னு தைலத்தைத் தேச்சுக்கிட்டே வேலை பாத்தாங்க. டாக்டர்கிட்ட போக நேரம் வேணாமா? பொம்பளப் புள்ள ஒண்ணு, உன் பொண்ணு வயசுதான். தனியாத்தான் கெடக்கும். அன்னிக்கு நான் டீ குடுக்கப் போனேன். போன்ல பேசிக்கிட்டிருந்தாங்க. 'ஒரு பட்டன் செஞ்சுகிட்டிருக்கேன் கண்ணு, இது முடிஞ்சா இனிமே டெய்லி வெளிச்சத்துலயே வந்துருவேன், சடை பின்னி விடறேன்'னு." வால்வை விட்டுவிட்டார். "திரும்பி டீ கிளாஸ எடுக்கப் போறேன், மேசையில தல சாஞ்சிருக்கு. தூங்குறாங்கன்னே நெனச்சேன். பாவம், தூங்கட்டும்னு சத்தம் போடாம வந்துட்டேன்மா. வந்துட்டேன்."

"அந்தப் புள்ள?"

"சித்தப்பா வீட்டுக்காரங்க வந்து கூட்டிட்டுப் போனாங்க. எங்கயோ தூரமாம். வீட்டையும் காலி பண்ணியாச்சு."

சின்னக்கா படியேறினாள். ஒவ்வொரு படியாக விஷயம் உள்ளே இறங்கியது. பதிவு பட்டனை அழுத்தியவள் வேலையைச் செய்து முடித்தாள். நிறுத்து பட்டனை அழுத்தக் கை போகவில்லை. அடுத்து அவள் செய்ய நினைத்தது ஒன்றுதான்: எழுந்து, படியிறங்கி, வீட்டுக்குப் போய், பிள்ளைக்குச் சடை பின்னுவது. டீச்சர் சொன்ன அந்தப் பக்கத்துப் பட்டன் எரிந்துகொண்டிருந்தது. அது பிறந்த இடத்துக்கு ஓடாது. யார் ஓட்டுகிறார்களோ அவர்கள் இருக்கும் இடத்திலிருந்து ஆரம்பிக்கும்.

பெரியக்காவின் வீடு காலியாகிவிட்டது. சின்னக்காவுக்கு வீடு இருக்கிறது.

கம்ப்யூட்டரில் குட்டிச் சதுரத்தை அழுத்தினாள். மறைந்தது. ஒரு மூச்சு விட்டாள். ஃபைலை மூடித் திறந்தாள்.

சதுரம் இருந்தது.

அதன் பிறகு அவள் மேக்ரோவைத் தொடவில்லை. பழையபடி கையாலேயே செய்தாள். காலி வரிசையை அழி, ஒட்டியதைப் பிரி, சிவப்பு பூசு. படிக்கட்டில் சத்தம் இல்லை. ஆனால் வேலை நடக்கும்போதெல்லாம் நாற்காலியில் தான் மட்டும் இல்லை என்று முதுகுக்குத் தெரிந்தது. காத்திருப்பவர்களின் பக்கத்தில் உட்கார்ந்தால் வரும் சங்கடம். சில சமயம் "மன்னிச்சுக்கோங்கக்கா" என்று முணுமுணுப்பாள். தைல வாசனை மட்டும் ஏறும், இறங்கும்.

வீடு சேர மறுபடி எட்டு தாண்டியது. வாலு சாப்பிட மறுத்தாள்.

"நீ ஏன் முன்ன மாதிரி வர மாட்டேங்கிற?"

"வேலைடி தங்கம்."

"முன்னயும்தான் வேலை இருந்துச்சு. அப்ப சீக்கிரம் வந்த. கத சொன்ன. கத்தவே இல்ல." வாலு சோற்றைத் தள்ளிவிட்டாள். "இப்ப வந்தவுடனே படுத்துக்கற. எனக்கு அந்த அம்மாதான் வேணும்."

அடித்திருந்தால்கூட அப்படி வலித்திருக்காது. சின்னக்கா தட்டை எடுத்துக் கழுவினாள். கழுவிக்கொண்டே அழுதாள். அழவும் தெம்பில்லாமல் பாதியில் நின்றுபோனது.

அந்த நாளும் சாதாரணமாகத்தான் விடிந்தது. மதியம் வானம் கறுத்து மழை பிடித்துக்கொண்டது. ஃபைல் வந்து, முதல் ஷீட்டைப் பிரித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. வாலு.

"அம்மா, வாந்தி வந்துச்சு. தரையெல்லாம் ஆயிடுச்சு."

"ஜுரம் அடிக்குதா? நெத்தியத் தொட்டுப் பாரு."

"தெரியல. குளிருது." பல் கிடுகிடுக்கிற சத்தம் போனில் கேட்டது. "லைட்டு போயிடுச்சு. எனக்கு ஒரு மாதிரி இருக்கும்மா."

"பக்கத்து வீட்டு ஆன்ட்டிய கூப்பிடு கண்ணு."

"அவங்க ஊர்ல இல்ல. எழுந்திருக்க முடியலம்மா. நீ வா."

"இதோ வந்துட்டேன். போன வச்சுடாத. பேசிட்டே இரு. வாலு? வாலு!"

போன் எங்கோ விழுந்த சத்தம். அப்புறம் மழைச் சத்தம் மட்டும்.

மேனேஜர் அறைக்கு ஓடினாள். அவர் சன்னலோரம் நின்றிருந்தார்.

"போம்மா, உடனே போ. ஆனா பாலத்துக்கிட்ட தண்ணி ஏறிடுச்சாம், பஸ் நகரலியாம். நடந்துதான் போகணும்." பிறகு, சொல்ல மனமில்லாமல், "அந்த ரிப்போர்ட்டு... லாரியில இருக்கிறது குழந்தைங்க மருந்தும்மா" என்றார்.

நடந்தால் எவ்வளவு நேரம்? இருட்டிவிடும். அதுவரை அந்தப் பிள்ளை, வாந்தியில், இருட்டில்.

சின்னக்கா திரும்பக் கடைசி அறைக்கு வந்தாள். பழைய ஃபைலைத் திறந்தாள். குட்டிச் சதுரம் தெரிந்தது. அளவுகளை ஒட்டினாள். அவசரத்தில் இரண்டு தரம் தப்பாக ஒட்டி, மறுபடி ஒட்டினாள்.

"அக்கா" என்றாள்.

கம்ப்ரசர் உறுமியது.

"அக்கா, எம் பொண்ணு தனியா இருக்கா. ஜுரம். நான் போய்ச் சேர நேரமாகும்." திரையைத் தொட்டாள். "நீங்க போங்கக்கா. நீங்க போய்ப் பாத்துக்கோங்க."

மேக்ரோவை ஓடவிட்டாள்.

இந்த முறை அது எங்கேயும் நிற்கவில்லை. தயங்கவில்லை. தப்பான பத்தியில் கை வைக்கவில்லை. ஷீட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்து மூடின, கண் பிடிக்க முடியாத வேகத்தில். மெயில் போனது.

நாற்காலி தூக்கிப் போட்டது.

இரும்புப் படிக்கட்டு அதிர்ந்தது. யாரோ ஓடினார்கள். இரண்டிரண்டு படியாகத் தாண்டி, பிள்ளைக்கு ஒன்று என்றால் எப்படி ஓடுவார்களோ அப்படி ஓடினார்கள். கீழே கம்ப்ரசர் அறை வாசலில் நின்ற ஆபரேட்டர் சுவரோடு ஒட்டிக்கொண்டு வழி விட்டதை, பின்னாலேயே ஓடி வந்த சின்னக்கா படிக்கட்டின் மேலிருந்து பார்த்தாள். அவர் முன்னால் யாருமில்லை. அவருடைய உதடு மட்டும் "பெரியக்கா" என்று அசைந்தது.

பாலத்தில் முழங்கால் அளவு தண்ணீர். செருப்பு ஒன்று போனது, திரும்பிப் பார்க்கவில்லை. வழியெல்லாம் போனை அடித்தாள், அடித்தாள், யாரும் எடுக்கவில்லை. பிறகு ஒரு தரம் எடுக்கப்பட்டது. அந்தப் பக்கம் பேச்சில்லை. ஒரு பெண் குரல், மெல்ல, கதை சொல்லும் தொனியில், என்னவோ சொல்லிக்கொண்டிருந்தது. சொல் எதுவும் பிடிபடவில்லை. கட்டாகிவிட்டது.

தெருவில் இன்னும் கரண்ட் வரவில்லை. வீட்டுக் கதவு உள்தாழ்ப்பாள் போடாமல் சும்மா சாத்தியிருந்தது.

தரை துடைத்திருந்தது. வாந்தி வாடை இல்லை. அழுக்குச் சீருடை அலசி, பிழிந்து, கொடியில் விரித்திருந்தது; நுனியிலிருந்து இன்னும் சொட்டியது. மேசையில் மெழுகுவர்த்தி ஒன்று நிதானமாக எரிந்தது.

சின்னக்கா ஈரம் சொட்டச் சொட்டப் படுக்கையறை வாசலில் நின்றாள்.

வாலு கட்டிலில் படுத்திருந்தாள். நெற்றியில் நனைத்துப் பிழிந்த துணி. முடி நாலு கால் சடையாகப் பின்னியிருந்தது. மூச்சு சீராக வந்தது. அருகே போய்க் கழுத்தில் புறங்கையை வைத்துப் பார்த்தாள். ஜுரம் விட்டிருந்தது. போன உயிர் திரும்பி வந்தது. அப்படியே கட்டிலோரம் உட்கார்ந்து, "என் தங்கமே, என் கண்ணே, அம்மா வந்துட்டேன்டி" என்று விம்மினாள்.

வாலு கண்ணைத் திறந்தாள். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் சின்னக்காவின் முகத்தை நேராகப் பார்த்தாள். நன்றாகப் பார்த்தாள். பிறகு போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டாள், வீட்டுக்கு யாராவது புதியவர் வந்தால் இழுத்துக்கொள்வதைப் போல.

"உஷ்" என்று உதட்டில் விரல் வைத்தாள். "சத்தம் போடாதீங்க. அம்மா இப்பத்தான் தூங்குறாங்க."

சின்னக்கா தலையை நிமிர்த்திப் பார்த்தாள்.

வாலுவுக்கு அந்தப் பக்கம், சுவரோரம், தலையணை நடுவில் அமுங்கியிருந்தது. போர்வை மேடாக இருந்தது. அது மெல்ல ஏறியது. இறங்கியது. நெடுநாள் தூங்காத ஒருத்தி கடைசியில் தன் வீட்டுக்கு வந்து தூங்கும் தூக்கம். போர்வைக்குள்ளிருந்து ஏதோ ஒன்று நீண்டு, வாலுவை இன்னும் கொஞ்சம் தன் பக்கம் இழுத்து அணைத்துக்கொண்டது. வாலு அதற்குள் சுருண்டுகொண்டாள்.

இருவர் படுக்கிற கட்டில் அது. சின்னக்கா எழுந்து நின்றாள். கத்த வேண்டும், பிள்ளையை வாரி எடுத்துக்கொண்டு ஓட வேண்டும். ஆனால் ஜுரம் விட்டுத் தூங்குகிற பிள்ளையை எழுப்ப மனம் வரவில்லை. பெரியக்காவைப் போங்கள் என்று அனுப்பியது யார்? இனி எந்த வாயால் வெளியே போகச் சொல்வது?

வாலு தூக்கத்தில் புரண்டாள்.

"அம்மா" என்றாள்.

"ம்" என்று பதில் வந்தது.

சின்னக்கா வாயைத் திறக்கவே இல்லை.